வாசகர் கேள்விகள்: கோயிலுக்கு வழிவிட்ட ஊர்

கேள்வி: கிரீஸிலுள்ள டெல்ஃபி என்றாலே சூரியக் கடவுளாகவும் கருதப்பட்ட அப்பல்லோவின் பழங்காலக் கோயிலையும் குறி சொல்வதையும்தான் எழுதுகிறீர்கள். அங்கே ஜனங்கள் வாழும் ஊர் என்று ஒன்று உண்டா, இல்லை வெறும் இடிபாடுதானா?

பதில்: உண்டு, சின்ன ஊர். ஏதென்ஸிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். பர்னாசஸ் மலையின் (2,457 மீட்டர்) தெற்குச் சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. சரிவு அப்படி என்பதால் தெருக்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மலையோரமாகவே நீள, ஒரு தெருவிலிருந்து அடுத்ததற்குப் போகப் படிக்கட்டு ஏற வேண்டும். கீழே பிளெய்ஸ்டோஸ் பள்ளத்தாக்கு, அது விரியும் இடத்திலிருந்து இட்டேயா துறைமுகம் வரை ஒரே ஒலிவ மரங்கள், அப்புறம் கொரிந்து வளைகுடா.

ஆனால் ஊர் இந்த இடத்துக்கு வந்து 130 வருஷம் சொச்சம்தான் ஆகிறது. அதற்கு முன் கஸ்த்ரி என்ற பெயரில், கிழக்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி, புதைந்துபோன கோயிலின் தலைக்கு மேலேயே இருந்தது. பழைய சுவர்தான் பல வீடுகளுக்கு அடித்தளம், கல்வெட்டுக் கல்தான் திண்ணை.

கேள்வி: பிறகு ஏன் நகர்த்தினார்கள்? மக்கள் சும்மா விட்டார்களா?

பதில்: எங்கே விட்டார்கள்! 1870 நிலநடுக்கத்தில் ஊர் பலமாக அடிவாங்கியபோதே மாற்றலாமா என்ற பேச்சு எழுந்தது. அடியில் புதைந்த கோயிலைத் தோண்டும் உரிமைக்கு பிரான்ஸ் ஆசைப்பட்டது, அமெரிக்கர்களுக்கும் ஒரு கண். கிரேக்க அரசோ, எங்கள் உலர்திராட்சைக்கு வரியைக் குறையுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று பேரம் பேசியது (அப்பல்லோ கோயிலின் விதி திராட்சையில் தொங்கியது என்பதை யாரும் குறி சொல்லியிருக்க மாட்டார்கள்). கடைசியில் 1891இல் ஒப்பந்தம் ஆனது, பிரெஞ்சு நாடாளுமன்றம் 5 லட்சம் பிராங்க் ஒதுக்கியது. 1892இல் பிரெஞ்சுத் தொல்லியல் அறிஞர் தெயோஃபில் ஓமோல் தலைமையில் ஆட்கள் இறங்கினால், நஷ்டஈடு கைக்கு வராத ஊர்க்காரர்கள் வேலையை மறித்துவிட்டார்கள். ராணுவக் காவல் போட்டுத்தான் தோண்டினார்கள். பணம் கொடுக்காமல் வீட்டை இடிக்க வந்தால் யார்தான் மறிக்க மாட்டார்கள்? அறிஞர்கள் சிலர் அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் கிடைத்ததும் சாதாரணமில்லை. 1896இல் வெளிப்பட்ட வெண்கலத் தேரோட்டி சிலையை எடுத்துக்கொள்ளுங்கள், 1.8 மீட்டர் உயரம், கண்கள்கூட அப்படியே இருக்கின்றன. கி.மு. 373இல் நிலநடுக்கம் வந்து மலை சரிந்தபோது மண்ணுக்குள் போனதால்தான் பிழைத்தது. வெளியே நின்ற வெண்கலச் சிலைகளில் பெரும்பாலானவை கொள்ளை போயின, இல்லை உருக்கப்பட்டன.

கேள்வி: பித்தியா (அந்தக் கோயிலில் குறி சொன்ன பெண் பூசாரி) பூமியிலிருந்து வந்த வாயுவை முகர்ந்து குறி சொன்னாள் என்பது உண்மையா?

பதில்: பழங்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் அங்கே பூசாரியாக இருந்தவர், அவரே அப்படிப் பூமியிலிருந்து எழும் ஒரு வாயுவைப் பற்றி எழுதியிருக்கிறார். தோண்டிய பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெரிய பிளவு எதுவும் தென்படவில்லை, அதனால் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட்டார்கள். 2001இல் நிலவியலாளர் டி போயர், தொல்லியலாளர் ஜான் ஹேல் குழுவினர், கோயிலுக்கடியில் இரண்டு நிலப்பிளவுகள் குறுக்கிடுகின்றன, அவற்றின் வழியே மயக்கம் தரும் எத்திலீன் வாயு வந்திருக்கலாம் என்றார்கள். மயக்கும் அளவுக்கு எத்திலீன் அங்கே வந்திருக்க வழியில்லை என்று வேறு விஞ்ஞானிகள் மறுத்தார்கள். சண்டை இன்னும் தீரவில்லை.