அப்பா போன பிறகு அம்மாவின் சாப்பாடு

வணக்கம் அக்கா,

விவாகரத்தான பெண்களின் உடம்பு முன்பைவிடத் தேறுகிறது என்று ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றிப் படித்தேன். சித்தப்பாவை விட்டு வந்த என் சித்தி நிஜமாகவே தேறிவிட்டார். ஆனால் அப்பா தவறி நான்கு மாதமாகியும் அம்மா உலை வைப்பதில்லை. 61 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. இரண்டு வேளை டீயும் பொறையும்தான். கேட்டால், "எனக்கு ஒருத்திக்கு எதுக்குடி?" என்கிறார். பெண்ணின் உடம்புக்குக் கல்யாணம் நல்லதா, கெட்டதா?

– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் சொல்வது 2017-இல் வந்த ஆய்வாக இருக்கும். மாதவிடாய் நின்ற சுமார் 79,000 அமெரிக்கப் பெண்களை மூன்று வருட இடைவெளியில் பார்த்தார்கள். அந்த வயதில் புதிதாகக் கல்யாணம் செய்தவர்களுக்கு எடை கூடியிருந்தது, மதுவும் கூடியிருந்தது. பிரிந்தவர்களுக்கு எடையும் இடுப்புச் சுற்றளவும் குறைந்து, நடமாட்டம் கூடியிருந்தது. பிரிவுதான் இதற்குக் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

சித்தி கையில் சொந்தச் சம்பளம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது இல்லாமல் அண்ணன் வீட்டுக்குத் திரும்பிவந்த பெண், அங்கேயும் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைத்தான் சாப்பிடுவாள்.

அம்மா விஷயம் வேறு. நம் பக்கத்து வீடுகளில் வஞ்சிர மீனின் நடுத்துண்டு புருஷனுக்கு, வால் துண்டு மனைவிக்கு. அவர் போனதும் வீட்டுக்கு மீன் வருவதே நின்றுவிடுகிறது. அவர் சாப்பிடும் நேரம்தான் இவளுக்கும் சாப்பாட்டு நேரம், மாத்திரை நேரமும் அதுதான். இத்தனை வருடம் தனக்கென்று ஒருநாளும் சமைக்காதவளை, துக்கத்துக்கு நடுவே திடீரென்று தனக்காகச் சமை என்றால் எப்படி முடியும்? விடியும் முன்னே காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துக் கூடை தூக்கும் பெண்கள், புருஷன் போனாலும் காரியம் முடிந்ததும் வியாபாரத்துக்கு வந்துவிடுகிறார்கள். நாலு பேரோடு உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார்கள். வீடே கதியென்று இருந்தவளுக்கு அந்த நாலு பேர் இல்லை.

"வாக்கிங் போங்கம்மா" என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிடுவார். ஊரே வேலைக்குக் கிளம்பும் காலை நேரத்தில், எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்பார்களே என்று பயந்து வாசலுக்கே வராமல் இருக்கும் பெண்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். இதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. நீங்கள் கூடவே நடங்கள். யார் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும்.

ஆனால் அதற்கு முன் மாத்திரையைக் கவனியுங்கள். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், மயக்கம் வரும். பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது, அதனால் சர்க்கரை எகிறும். இப்போது என்ன சாப்பிடுகிறார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அளவை அவர் மாற்றுவார். அம்மா இளைத்திருந்தால் நல்லதுதானே என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் உடம்பு இளைக்கும்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வரத் தயங்கினால், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அம்மா பெயர் அதில் இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள்.

அப்புறம், "சாப்பிட்டியா?" என்று போனில் கேட்பதைவிட, முடிந்த நாட்களில் ராத்திரி போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க அவரையும் கூட்டிப் போங்கள். எந்த மீன் என்பதை அவரே சொல்லட்டும்.