இரட்டைக் கரு, எட்டாம் வாரத்தில் உதிரப்போக்கு: படுத்தே கிடக்க வேண்டுமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். வயது 34. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, கோவையில் ஐவிஎஃப் செய்து இரட்டைக் கரு தங்கியிருக்கிறது. எட்டாவது வாரத்தில் திடீரென்று உதிரம் பட்டது. பாலக்காட்டில் ஸ்கேன் பார்த்து, 'இரண்டுக்கும் இதயத்துடிப்பு இருக்கிறது, ஒரு கருவைச் சுற்றியுள்ள பையின் ஓரம் ரத்தம் கட்டியிருக்கிறது, பேடிக்கண்டா (பயப்பட வேண்டாம்)' என்று அனுப்பிவிட்டார்கள். மாமியார் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. அன்று நான் மாடிப்படி ஏறியதுதான் காரணமா?

பதில்: இல்லை. படி ஏறியதாலோ, துணி துவைத்ததாலோ, பஸ்ஸில் போனதாலோ இது வராது. கருவைச் சுற்றியுள்ள சவ்வுக்கும் கர்ப்பப்பைச் சுவருக்கும் நடுவே கொஞ்சம் ரத்தம் கசிந்து தேங்குவதைத்தான் ரத்தக்கட்டு என்கிறோம். ஐவிஎஃப் கர்ப்பங்களில் இதைச் சற்று அதிகமாகவே பார்க்கிறோம். சிறிய கட்டு பெரும்பாலும் சில வாரங்களில் தானே கரைந்துவிடும். கரையும்போது பழுப்பாகக் கொஞ்சம் வெளியே வரலாம். அது பழைய ரத்தம். கட்டு பெரிதாக இருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும், அதனால் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாமியாரின் அக்கறை புரிகிறது. ஒன்பது வருடம் காத்திருந்த வீடு அல்லவா! ஆனால் படுத்தே கிடப்பது கருவைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஹார்மோன் மருந்தோடு நாள் முழுக்க அசையாமல் இருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். வீட்டுக்குள் நடங்கள், உட்கார்ந்து சாப்பிடுங்கள். பாரம் தூக்குவதும் தாம்பத்திய உறவும் உதிரம் நிற்கும்வரை வேண்டாம். அவர் வாசல் தாண்ட விடாவிட்டால், ஸ்கேன் பார்த்த டாக்டரிடமே அவரை ஒருமுறை கூட்டிப்போங்கள். நான் எழுதுவதைவிட அது வேலை செய்யும்.

கோவையில் கொடுத்த, கர்ப்பம் நிலைக்க உதவும் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். உள்ளே வைக்கும் மாத்திரையாக இருந்தால், அதன் உறுத்தலாலும் லேசாகக் கறை படுவதுண்டு. ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க ஊசியோ எடுத்துவருகிறீர்கள் என்றால் மட்டும் இன்றே கோவை டாக்டரை அழைத்து, தொடரலாமா என்று கேளுங்கள். உங்கள் ரத்தப் பிரிவு நெகட்டிவ்வா? அப்படியென்றால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்பு உண்டாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரட்டையில் ஒரு கரு ஆரம்ப மாதங்களிலேயே வளர்ச்சி நின்று கரைந்துபோவது உண்டு. அப்போதும் மற்றது பெரும்பாலும் நன்றாகவே வளர்கிறது. உங்களுக்கு இப்போது இரண்டு துடிப்பும் தெரிகின்றன. அது நல்ல அறிகுறி.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, தாங்க முடியாத வயிற்றுவலி, தோள்பட்டை வலி, மயக்கம், காய்ச்சல் வந்தாலோ கோவைக்கு வண்டி பிடிக்காதீர்கள். 108-ஐ அழைத்து, ஆபரேஷன் தியேட்டரும் ரத்த வசதியும் உள்ள பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோவை ஃபைல் முழுவதையும் இப்போதே போனில் படமெடுத்து வைத்தால், அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிராது. வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தாலும் இதேதான்: முட்டை வளர்க்கப் போட்ட ஊசியின் பின்விளைவாக இருக்கலாம். இரட்டைக் கருவில் வாந்தி அதிகமாக இருப்பது சகஜம், ஆனால் தண்ணீரே தங்கவில்லை என்றால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும்.

அடுத்து 11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் வரும், அதைத் தவறவிடாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனி நச்சுக்கொடியா, ஒன்றேயா என்பது அதற்குள் தெளிவாகத் தெரிந்துவிட வேண்டும். ஒன்றே என்றால் 16-வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவைப்படும். ரிப்போர்ட்டில் 'கோரியானிசிட்டி' (நச்சுக்கொடி தனித்தனியா, ஒன்றேயா என்பது) என்ற சொல்லுக்கு எதிரே என்ன இருக்கிறதென்று பாருங்கள்; காலியாக இருந்தால் அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.