காலடிப்பேட்டை மெட்ரோவிலிருந்து புர்ஜ் கலீஃபா வரை

கேள்வி: எனக்கு 54 வயது, திருவொற்றியூரில் வசிக்கிறேன். துபாயில் வேலை பார்க்கும் மகன் டிசம்பரில் வரச் சொல்கிறான், புர்ஜ் கலீஃபா மேலே கூட்டிப் போகிறானாம். தங்கை வீட்டு மூன்றாவது மாடி பால்கனியில் நின்றாலே எனக்குக் கால் நடுங்குகிறது, யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல இருக்கிறது. என்னால் முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இன்றைக்கே பழக ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கையில் புரளும்போதோ, குனிந்து நிமிரும்போதோ அறையே சுற்றுகிறதா? அப்படியானால் அது உள்காது சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் எழுந்து நின்றதும் கிறுகிறுத்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உயரத்தில் மட்டும் வருகிறது என்றால் அது உயர பயம்தான்.

யாரோ தள்ளுவது போலத் தோன்றுவது வீண் கற்பனை இல்லை. சும்மா நிற்கும்போதுகூட நம் உடம்பு லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்துச் சுவரும் கதவும் அசைவதை வைத்துக் கண் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல, கால் சரிசெய்துகொள்ளும். உயரத்தில் கண்ணுக்கு எட்டுவதெல்லாம் தூரத்தில் இருப்பதால் அந்தச் சின்ன ஆட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் ஆட்டம் கூடுகிறது. பயத்தில் முழங்காலையும் கழுத்தையும் விறைத்துக்கொண்டால் இன்னும் மோசம்.

எனவே எந்த மாடியிலும் முதலில் ஒரு தூணையோ சுவரையோ ஒட்டி நில்லுங்கள். அது கடைக்கண்ணில் தெரிய வேண்டும், உள்ளங்கையும் அதில் பட வேண்டும். கால்களைக் கொஞ்சம் அகட்டி, முழங்காலைத் தளர விடுங்கள். முதலில் தொடுவானத்தைப் பாருங்கள், பிறகு பார்வையை மெல்ல மெல்ல இறக்குங்கள். ஓடுகிற மேகத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம், எடுத்த எடுப்பில் போன் கேமராவும் வேண்டாம். கண்ணை மூடினால் பிடிமானம் இன்னும் குறையும். பைஃபோகல் கண்ணாடி போடுபவர் என்றால், படி இறங்கும்போது கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் படி மங்கும். தலையைக் குனிந்து மேல்பகுதி வழியாகப் பாருங்கள்.

பழக்கம் வீட்டுப் பக்கத்திலேயே ஆரம்பிக்கட்டும். தண்டையார்பேட்டையைத் தாண்டியதும் மெட்ரோ சுரங்கத்தை விட்டு மேலே வந்து, விம்கோ நகர் வரை தூண்கள் மேல்தான் ஓடுகிறது. கூட்டமில்லாத பகல் நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே தெரியும் சாலையையும் மொட்டை மாடிகளையும் பாருங்கள். காலடிப்பேட்டையிலோ தேரடியிலோ இறங்கி, மேலே சுவரோரம் உட்கார்ந்திருங்கள், பிறகு நில்லுங்கள். பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 8 என்று ஆரம்பித்தது 4 ஆகும் வரை அங்கேயே இருக்க வேண்டும். அரை மணி, முக்கால் மணி ஆகலாம். பலர் சறுக்குவது இங்கேதான். 8-இல் இருக்கும்போதே இறங்கிவிட்டால், ‘ஓடி வந்ததால்தான் பிழைத்தோம்’ என்று மனம் பதிந்துகொள்ளும், அடுத்த முறை பயம் அதிகமாகும். தாங்கவில்லை என்றால் நாலடி உள்ளே தள்ளி வாருங்கள், கீழே மட்டும் இறங்காதீர்கள்.

ஒரே இடத்துக்கு மூன்று, நான்கு நாள் போய், பயம் 2, 3-இலேயே ஆரம்பிக்கும்போது அடுத்த படி. தங்கை வீட்டுப் பால்கனியில் முதலில் நிலைப்படியிலேயே நில்லுங்கள், பிறகு ஓர் அடி, கடைசியில் கைப்பிடிச் சுவரில் கை. அதற்குப் பிறகு மெரினா கலங்கரை விளக்கம். லிப்ட் இருக்கிறது, ஒன்பதாவது மாடியிலிருந்து பார்க்கலாம். திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

‘வா, ஒண்ணும் ஆகாது’ என்று கையைப் பிடித்து இழுப்பவரைக் கூட்டிப் போகாதீர்கள். யாரோ தந்த மாத்திரையும் வேண்டாம். அது பயத்தை மூடி வைக்கும், பழக விடாது.

பயத்தில் மூச்சு வேகமானால் உதடும் விரல் நுனியும் மரத்து, தலை சுற்றும். 4 எண்ணும் வரை உள்ளே இழுத்து, 6 எண்ணும் வரை வெளியே விடுங்கள். மயங்கி விழுவோமோ என்று பயப்பட வேண்டாம். உயர பயத்தில் பிரஷர் ஏறும், இறங்காது. அதனால் மயக்கம் அபூர்வம். ‘குதித்துவிடுவேனோ’ என்று தோன்றுவதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பலர் மறைக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் இந்தப் பயத்தின் முகம்தான். வாழ்க்கையே வெறுத்துப்போய் அப்படித் தோன்றினால் மட்டும் அது வேறு, தாமதிக்காமல் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பல வாரம் பழகியும் முதல் படியே தாண்ட முடியாதவருக்கும் அங்கே வழி உண்டு.

துபாயில் 124-ஆம் மாடி 452 மீட்டர் உயரம். லிப்டில் ஏறச் சுமார் ஒரு நிமிடம்தான், காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள். மேலே கண்ணாடி தரையிலிருந்து கூரை வரை இருக்கும், நேராக அதனிடம் நடக்காதீர்கள். பத்து நிமிடம் உள்சுவரை ஒட்டி நின்றுவிட்டு, பக்கவாட்டில் நெருங்குங்கள். மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: சூரியன் மறையும் நேரத்து டிக்கெட் வேண்டாம், கூட்டம் நெருக்கும். 148-ஆம் மாடி டிக்கெட்டும் இந்த முறை வேண்டாம்.