ஒரு வெற்றிடமும் அனுமதிப் பிழையும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. ஆர்டர்களைக் கூகுள் படிவத்தில் வாங்குகிறேன். அரபிகா, ரோபஸ்டா, மிளகு ஆகியவற்றில் எத்தனை வேண்டுமானாலும் டிக் செய்யலாம். அது கூகுள் ஷீட்டில் விழுந்ததும், செயலிகளை இணைத்து வேலைகளைத் தானாக நடத்தும் என்8என் வழியாக, இணையத் தரவுத்தளமான ஏர்டேபிளில் அந்த வாடிக்கையாளரின் பதிவைப் புதுப்பிக்கிறேன். முதலில் எல்லா ஆர்டரும், அனுப்பிய தரவை ஏற்க முடியாது என்னும் 422 பிழையில் நின்றன. காற்புள்ளியில் பிரித்து அனுப்பும்படி ஒருவர் சொன்னார். இப்போது ஒரு பொருள் கேட்டவரின் ஆர்டர் பதிவாகிறது. இரண்டு மூன்று கேட்டவருடையது, புதிய தெரிவை உருவாக்க அனுமதி இல்லை என்று திரும்புகிறது. ஏர்டேபிளுக்குள் நுழைய என்8என்னுக்குத் தந்த அனுமதிச் சாவியான டோக்கனை இரண்டு முறை மாற்றிவிட்டேன். இல்லாத தெரிவைத் தானே சேர்த்துக்கொள்ளும் டைப்காஸ்ட் வசதியை இயக்கிவிடலாமா?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டோக்கனில் குறை இல்லை. அதை இனித் தொடாதீர்கள். அனுமதி இல்லை என்ற வாசகம் உங்களைப் போலப் பலரையும் தவறான கதவைத் தட்ட வைத்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய சொல் தன் தெரிவுகளில் இல்லாததால், அதைப் புதிய தெரிவாகச் சேர்க்கச் சொல்கிறீர்கள் என்று ஏர்டேபிள் எடுத்துக்கொண்டு, அதற்கு அனுமதி இல்லை என்கிறது.

முதல் பிழைக்குக் காரணம் வேறு. எத்தனை டிக் செய்தாலும் கூகுள் படிவம் அவற்றை ஒரே கட்டத்தில் ஒற்றை வரியாக எழுதிவிடும். ஏர்டேபிள் பதிவில் பல தெரிவுகளை ஏற்கும் புலமோ (பதிவின் ஒரு கட்டம்) பட்டியலை எதிர்பார்க்கிறது. கொலுசுகளைத் தராமல், மூன்று ஜோடிக் கொலுசு என்று எழுதிய சீட்டை மட்டும் சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொடுத்து மெருகு போடச் சொன்னால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகியிருக்கிறது.

பிரித்த பிறகும் பிழை வருவதற்கு, படிவம் காற்புள்ளிக்குப் பின் ஒரு வெற்றிடமும் இடுவதே காரணம். காற்புள்ளியில் மட்டும் வெட்டியதால் முதல் சொல் சுத்தமாகவும், அடுத்தவை முன்னால் ஒரு வெற்றிடத்தோடும் வருகின்றன. ஒரு பொருள் கேட்டவர் தப்பித்ததும் இதனால்தான். ஸ்ப்ளிட் செய்தபின் (பிரித்தபின்) ஒவ்வொரு சொல்லையும் ட்ரிம் செய்து (ஓரத்து வெற்றிடத்தை அகற்றி), காலியானவற்றை நீக்கிவிடுங்கள். எதையும் டிக் செய்யாத வரியை வெட்டினால் காலிப் பட்டியல் கிடைக்காது, காலிச் சொல் ஒன்றைக் கொண்ட பட்டியலே கிடைக்கும்.

இதை எழுதும்போது, என்8என்னில் இரட்டை வளைவு அடைப்புக்குறிகளுக்கு வெளியே ஓர் எழுத்தோ வெற்றிடமோ இருந்தால் விடை முழுவதும் மீண்டும் ஒற்றை வரியாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். திரையில் பட்டியலும் ஒற்றை வரியும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், முந்தைய கணுவின் (என்8என்னில் ஒவ்வொரு படியும் ஒரு கணு) வெளியீட்டை, தரவின் வடிவத்தை உள்ளபடி காட்டும் ஜேசான் தோற்றத்தில் திறந்து, அது சதுர அடைப்புக்குறிக்குள் பட்டியலாக இருக்கிறதா, மேற்கோளுக்குள் ஒற்றை வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நான் எந்தப் புலத்தைச் சோதித்தாலும் முதலில் பார்ப்பது இதைத்தான். படிவத்திலுள்ள தெரிவின் பெயரிலேயே காற்புள்ளி இருந்தாலும் அது இரண்டாக வெட்டுப்படும். பெயரை மாற்றுவதே எளிது.

டைப்காஸ்ட் வேண்டாம் என்பது என் கருத்து. அதை இயக்கினால் பிழை நின்றுவிடும். ஆனால் நாளை படிவத்தில் ரோபஸ்டாவுக்கு ஓர் எழுத்து கூடினாலும் ஏர்டேபிள் அதை ஓசையின்றிப் புதிய தெரிவாகச் சேர்த்துக்கொள்ளும். அறுவடைக் காலத்தில் கணக்குப் பார்க்கும்போது இரண்டு ரோபஸ்டாக்கள் இருக்கும்.

பிற செயலிகளுக்கு மாறினால் இந்த வடிவம் அப்படியே செல்லாது. ஷேர்பாயிண்ட் ஒவ்வொரு தெரிவையும் 'வேல்யூ' என்ற பெயரோடும், நோஷன் 'நேம்' என்ற பெயரோடும் கேட்கும். ஏர்டேபிளிலேயே வேறொரு அட்டவணையோடு இணைந்த புலமென்றால் பொருளின் பெயர் போதாது. 'ரெக்' என்று தொடங்கும் பதிவு எண்களின் பட்டியல் வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றே எனக்குக் கவலை தருகிறது. பதிவைப் புதுப்பிக்கும்போது ஏர்டேபிள் மற்றப் புலங்களைத் தொடாது என்றாலும், அனுப்பிய புலத்திலுள்ள பட்டியலை முழுவதுமாக மாற்றிவிடும், பழையதோடு சேர்க்காது. அரபிகாவும் மிளகும் ஏற்கெனவே இருந்த வாடிக்கையாளர் இம்முறை ரோபஸ்டா மட்டும் கேட்டிருந்தால், அவர் பதிவில் இப்போது ரோபஸ்டா மட்டுமே இருக்கும். ஆகவே திரும்பி வந்தவற்றைவிட, சரியாகப் பதிவானவை என்று நீங்கள் நம்பும் ஆர்டர்களையே முதலில் பாருங்கள். இனிமேல் பழைய பட்டியலைப் படித்து, புதியதோடு இணைத்து, இரட்டிப்பானவற்றை நீக்கி எழுதுங்கள். அழிந்தவற்றைக் கூகுள் ஷீட்டிலுள்ள முந்தைய விடைகளிலிருந்து திரும்ப எடுத்துவிடலாம். அந்த வரிகளை மட்டும் இப்போதைக்கு நீக்கிவிடாதீர்கள்.