வேலூரில் மூக்கை அழகுபடுத்த எந்த டாக்டரை நம்புவது?

காட்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். விளம்பரத்தை விடுங்கள், பட்டத்தைப் பாருங்கள். அறுவை சிகிச்சை மேற்படிப்பான எம்.எஸ். முடித்து, அதற்கும் மேல் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவராக இருக்க வேண்டும். இந்த அறுவையில் தனிப்பயிற்சி பெற்ற காது மூக்கு தொண்டை நிபுணரும் சரிதான். ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ (அழகுப் பராமரிப்பு செய்பவர்) என்று மட்டும் போர்டு இருந்தால் தயவுசெய்து வேண்டாம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபாருங்கள். நம்மூர் சி.எம்.சி.யிலேயே பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது, அங்கேயும் ஒரு கருத்துக் கேளுங்கள்.

அப்புறம், நல்ல டாக்டர் போட்டோவை மட்டும் பார்த்துத் தேதி குறிக்க மாட்டார். மூக்குக்குள் விளக்கடித்து நடுச்சுவர் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பார், மூச்சடைப்பு உண்டா என்று விசாரிப்பார். அவர் செய்த பழைய அறுவைகளின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். மூக்கு நுனி வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்கூட ஆகும். அதனால் ஒரு வருடம் கழித்து எடுத்த படமாகக் கேளுங்கள். மயக்க மருந்து யார் கொடுப்பார் என்பதையும் கேட்டுவிடுங்கள்.