கதையைப் படமாக்கும்போது இஷ்டத்துக்கு மாற்றலாமா?

நமக்குப் பிடித்த கதையை இயக்குநர் மாற்றி எடுத்தால் அது அந்த எழுத்தாளருக்குச் செய்யும் துரோகம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது 'உதிரிப்பூக்கள்'.

1979-இல் மகேந்திரன் எடுத்த படம். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவியது. நான் படத்தை முதலில் பார்த்துவிட்டு, அந்தப் பாரம் இறங்காமலே குறுநாவலைத் தேடிப் பிடித்துப் படித்தேன், படித்தால் அதில் படத்தைக் காணோம். அம்மா இல்லாத இரண்டு பிள்ளைகள், மறுமணம் செய்துகொள்ளும் அப்பா, சுந்தரவடிவேலு என்ற பெயர், கிட்டத்தட்ட இவ்வளவுதான் பொது. கதையில் அவர் பேராசிரியர். படத்தில் கிராமத்துப் பள்ளிக்கூடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் மனைவியை வார்த்தையாலேயே கொல்கிற மனிதர்.

அந்தக் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அவர் கொடுமை பொறுக்காமல், சாகட்டும் என்று ஊரே கூடி அவரை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறது. யாரும் அடிக்கவில்லை, கத்தவில்லை. நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேனே, நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான் என்கிற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு, பிள்ளைகளிடம் விடைபெற்று ஆற்றில் இறங்குகிறார். அவ்வளவு கொடுமை செய்தவருக்காக நமக்குத் தொண்டை அடைக்கிறது. புதுமைப்பித்தன் இதை எழுதவில்லை. ஆனால் பெரியவர்களின் வாழ்க்கைக்கு நடுவே விவரம் புரியாமல் நிற்கும் பிள்ளைகளை அவர் எழுதியிருந்தார், மகேந்திரன் அதை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தானே கட்டினார் என்றுதான் எனக்குப் படுகிறது. வரிக்கு வரி எடுத்திருந்தால்கூட அந்தப் பிள்ளைகள் இவ்வளவு உயிரோடு வந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அப்புறம் இன்னொன்று. இவ்வளவு மாற்றிய பிறகும் மூலம் யாருடையது என்று மகேந்திரன் மறைக்கவில்லை. 1948-லேயே, 42 வயதில் இறந்துபோன எழுத்தாளர், அவரே வந்து கேட்கப்போவதில்லை, இருந்தும் அவர் பெயரைப் போட்டார். மாற்றுவதில் எனக்கு இப்போது கோபம் இல்லை. எடுத்துக்கொண்டு பெயரை மறைப்பவர்கள்மேல் நிறையவே இருக்கிறது.

சரி, படம் பார்த்திருந்தால் 'சிற்றன்னை'யையும் ஒரே மூச்சில் படித்துவிடுங்கள், சின்னப் புத்தகம்தான். அதில் குஞ்சு என்ற சிறுமி வரும் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றங்கரையில் நின்ற அந்தப் பெண்குழந்தையின் முகம்தான் வருகிறது.