வகுப்பறையில் டார்வின், வீட்டில் கடவுள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கடவுள் நம்பிக்கை உண்டு. "மனுஷன் பரிணாமத்துல வந்தான்னு டீச்சர் சொல்றாங்க, கடவுள் படைச்சார்னு நீங்க சொல்றீங்க, எதை நம்பறது?" என்று மகன் கேட்கிறான். என்ன சொல்வது? – ஒரு தாய்

பதில்: கேட்கிறானே என்று முதலில் சந்தோஷப்படுங்கள் அம்மா. இரண்டில் ஒன்றை இப்போதே தேர்ந்தெடு என்று மட்டும் அவனை நெருக்க வேண்டாம். பரிணாமத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் உயிரியலில் எதற்கும் அர்த்தமில்லை என்று 1973இல் எழுதிய மரபியல் விஞ்ஞானி டொப்ஜான்ஸ்கி, அதே கட்டுரையில் பரிணாமம் என்பது கடவுள் படைக்கும் முறை என்றும் எழுதியவர். போப் இரண்டாம் ஜான் பால் 1996இல், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். கடவுளை மறுக்கும் விஞ்ஞானிகளும் நிறைய உண்டு, அதையும் அவனிடம் மறைக்க வேண்டாம். ஆனால் பூமி தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்று எழுத்துக்கு எழுத்து நம்பச் சொன்னால் அங்கே மோதல் வரத்தான் செய்யும், ஏனென்றால் பாறைகளும் விண்கற்களும் காட்டும் பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள்.

கேள்வி: இரண்டையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாணவர்களே முடிவு செய்யட்டும் என்று விடுவதுதானே நியாயம்?

பதில்: கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1925இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மனிதப் பரிணாமத்தைச் சொல்லிக்கொடுத்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் போட்டார்கள். மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை ரத்தானாலும், அப்படிச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்ற சட்டம் 1967 வரை இருந்தது. இப்படிப்பட்ட தடைகள் செல்லாது என்று 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம்தான் 'இரண்டையும் சமமாகக் கற்பிக்க வேண்டும்' என்ற சட்டங்கள் வந்தன, அதுவும் 1987இல் அடிபட்டது. உடனே, உயிர்களை ஏதோ ஓர் அறிவு திட்டமிட்டு வடிவமைத்தது என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற பெயரில் அதே சரக்கு திரும்பி வந்தது. இதைப் பள்ளியில் நுழைத்ததை எதிர்த்து பென்சில்வேனியாவின் டோவர் ஊர்ப் பெற்றோர்களே போட்ட வழக்கு 2005இல் விசாரணைக்கு வந்தபோது, வடிவமைப்புத் தரப்பின் பாடநூல் வரைவில் 'படைப்புவாதிகள்' என்று இருந்த இடங்களில், 1987 தீர்ப்புக்குப் பிறகு 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று மாற்றியிருந்தது நீதிமன்றத்தில் அம்பலமானது.

அந்த வழக்கில் பரிணாமத்துக்காகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். அவர் காட்டிய ஒரு சான்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்குக் குரோமோசோம்கள் 23 ஜோடி. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாவற்றுக்கும் 24. ஒரே மூதாதையிடமிருந்து வந்தோம் என்றால் மீதி ஒரு ஜோடி எங்கே போனது? முழுசாகத் தொலைந்திருந்தால் உயிரே தங்கியிருக்காது, ஆகவே இரண்டு ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால், குரோமோசோமின் நுனியில் மட்டும் இருக்க வேண்டிய டி.என்.ஏ. வரிசை ஏதோ ஒன்றின் நடுவில் கிடக்க வேண்டும், குரோமோசோமுக்கு ஒன்று என்று இருக்கும் மையப்பகுதி (சென்ட்ரோமியர்), செயலிழந்த நிலையில் இரண்டாவதாக ஒன்றும் இருக்க வேண்டும். தேடினார்கள். நம் இரண்டாம் குரோமோசோமில் இரண்டுமே இருக்கின்றன! இப்படி, தேடிப் பார்த்துக் கிடைக்காவிட்டால் தோற்றுப்போகத் தயாராக இருக்கும் கருத்துக்குத்தான் அறிவியல் வகுப்பில் இடம். கடவுள் அப்படி வைத்தார் என்பது 23 என்றாலும் பொருந்தும், 24 என்றாலும் பொருந்தும். அதைச் சோதிக்க வழியில்லை. அது நம்பிக்கை, அதற்கு மரியாதை உண்டு, வரலாற்று வகுப்பிலோ தத்துவ வகுப்பிலோ தாராளமாகப் பேசலாம்.

கேள்வி: குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால், இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன?

பதில்: இன்றைய குரங்குகள் நமக்குப் பாட்டன்மார் இல்லை, பங்காளிகள். பெரியப்பா பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காக நீங்கள் இல்லாமல் போய்விடுவீர்களா? சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

கேள்வி: பாடச்சுமைதான் அதிகமாக இருக்கிறதே, பிளஸ் டூவில் உயிரியல் எடுப்பவர்கள் மட்டும் பரிணாமம் படித்தால் போதாதா?

பதில்: போதாது. 2023இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'மரபுவழியும் பரிணாமமும்' என்ற பாடம் வெறும் 'மரபுவழி' ஆனபோது, 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தது இதனால்தான். வணிகவியலோ கணினியோ எடுக்கும் பிள்ளைக்கு அறிவியல் பாடம் பத்தோடு முடிந்துவிடுகிறது, ஆனால் அந்தப் பிள்ளையும் நாளைக்கு ஆன்டிபயாடிக் சாப்பிடத்தானே போகிறது? மருந்தைத் தாங்கிய ஒன்றிரண்டு பாக்டீரியா பிழைத்து, அவற்றின் வாரிசுகளே பெருகி, கடைசியில் மருந்தே வேலைக்கு ஆகாமல் போவது நம் கண்முன்னே நடக்கும் இயற்கைத் தேர்வு. இது புரிந்தவர், சாதாரண சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கேட்டு டாக்டரை நச்சரிக்க மாட்டார்.

கேள்வி: நான் உயிரியல் ஆசிரியை. இந்தப் பாடத்தை எடுத்தாலே சில பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். 'நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் டீச்சர், தயவுசெய்து. முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: இதைப் புரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான், உங்கள் சாமியை விடச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. அப்புறம் எலும்பிலிருந்து தொடங்குங்கள். அவரவர் கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: மேல்கையில் ஒரு எலும்பு, முன்கையில் இரண்டு, மணிக்கட்டில் சின்னச் சின்னதாகப் பல, கடைசியில் விரல்கள். பிறகு வௌவாலின் சிறகையும் திமிங்கிலத்தின் துடுப்பையும் படத்தில் காட்டி எண்ணச் சொல்லுங்கள், அங்கேயும் அதே அமைப்புதான் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். எந்த மதத்தையும் கிண்டலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லாதீர்கள். பெற்றோர் வந்தால் அதே படத்தை அவர்களுக்கும் காட்டுங்கள். வகுப்பில் யார் நம்பிக்கையையும் குறை சொல்லவில்லை என்று பிள்ளைகளே வீட்டில் சொல்லியிருந்தால், தலைமையாசிரியர் உங்கள் பக்கம் நிற்பதும் சுலபம்.